13-க்கு 13 ஜெயிச்சும் பிளேஆஃப்ல இடம் இல்ல! இது என்னங்க நியாயம்?

13 மேட்ச் ஆடுறாங்க, பதிமூணுலயும் ஜெயிக்கிறாங்க, கான்ஃபரன்ஸ் கப்பும், அதாவது அவங்க பிரிவோட கப்பும், கையில இருக்கு. மறுநாள் மத்தியானம் டிவில பிளேஆஃப் டீம் லிஸ்ட் படிக்கிறாங்க. நாலு பேரு. அதுல இவங்க இல்ல! ஒரு மேட்ச் தோத்த ரெண்டு டீம் இருக்கு, தோக்காத இவங்க இல்ல.

2023, ஃப்ளோரிடா ஸ்டேட் யூனிவர்சிட்டி. வணக்கம் மக்களே, வீடியோவுக்குள்ள போலாம்.

[டைட்டில் மியூசிக், சீக்கிரம் கட்]

பேக்ரவுண்டை ஒரே மூச்சுல சொல்லிடறேன். அமெரிக்கால காலேஜ் ஃபுட்பால்னா நம்ம ஃபுட்பால் இல்ல, முட்டை மாதிரி பந்து, ஹெல்மெட், மோதல், அது. டாப் லெவல்ல மட்டும் 130-க்கு மேல டீம், ஒவ்வொருத்தரும் சீசனுக்கு 12 மேட்ச்தான் ஆடுவாங்க (கான்ஃபரன்ஸ் ஃபைனல் போனா 13), அதனால எல்லாரும் எல்லாரோடயும் மோத வழியே கிடையாது, பாயிண்ட்ஸ் டேபிளை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்காக 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி ரூம்ல உக்காந்து யார் பெஸ்ட்னு முடிவு பண்ணும். அவ்ளோதான் பேக்ரவுண்டு.

இப்ப ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு என்ன ஆச்சுன்னா, நவம்பர்ல அவங்க குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்கு கால் ஒடிஞ்சு போச்சு. குவார்ட்டர்பேக்னா டீமோட மூளை. அவருக்குப் பதிலா வந்தவருக்கும் அடுத்த மேட்ச்லயே தலையில அடி. கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல மூணாவது ஆளு, முதல் வருஷப் பையன், அவனை வச்சு ஆடி லூயிவில் டீமை 16-6னு ஜெயிச்சுட்டாங்க. பாக்க அழகான மேட்ச் எல்லாம் இல்ல, ஆனா ஜெயிப்பு ஜெயிப்புதானே?

கமிட்டி அப்படி நினைக்கல. அவங்க எடுத்த நாலு பேரு மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா. இதுல அலபாமா அந்த சீசன்ல சொந்த கிரவுண்டுலயே டெக்சாஸ்கிட்ட 34-24னு தோத்த டீம்! முக்கியமான பிளேயர் இல்லன்னா அதையும் கணக்குல எடுக்கலாம்னு கமிட்டி ரூல்லயே இருக்கு, அதனால ரூல் மீறல்னு சொல்ல முடியாது. ஆனா யோசிச்சுப் பாருங்க, வருஷம் முழுக்க எல்லா டெஸ்ட்லயும் ஃபர்ஸ்ட் வந்த பையன்கிட்ட "உனக்கு கை ஒடிஞ்சிருக்கு, பரீட்சை எப்படியும் சொதப்புவ"ன்னு ஹால் டிக்கெட்டைப் புடுங்கிக்கிட்டா எப்படி இருக்கும்? அதேதான் இது.

எனக்கு மனசு கஷ்டமான விஷயம் என்னன்னா, அந்த டிராவிஸ் அன்னைக்கு ட்விட்டர்ல என்ன எழுதினாருன்னா, என் கால் சீசன் ஆரம்பத்துலயே ஒடிஞ்சிருக்கக் கூடாதா, அப்பவாவது இந்த டீம் என்னை மட்டும் நம்பி இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமே, அப்படிங்கிற அர்த்தத்துல. காலேஜ் பையன்ங்க அவரு!

கூத்து அதோட முடியல, ஃப்ளோரிடா கவர்னர் ரான் டிசாண்டிஸ் கேஸ் போடறதா இருந்தா அதுக்குன்னு பட்ஜெட்ல 10 லட்சம் டாலர் ஒதுக்கறேன்னு கிளம்பிட்டாரு. அப்புறம் ஆறுதல் பரிசு மாதிரி ஆரஞ்சு பவுல்னு ஒரு மேட்ச், அதுல ஜார்ஜியாகிட்ட 63-3. "பாத்தியா, கமிட்டி சொன்னது சரி"ன்னு இன்னைக்கும் கமெண்ட் போடறவங்க இருக்காங்க. டேய், பெரிய பிளேயர்ஸ் பாதிப்பேர் அந்த மேட்ச் ஆடவே வரலடா.

சரி, அடுத்த வருஷம் பிளேஆஃபை 12 டீம் ஆக்கிட்டாங்க. பிரச்சனை தீர்ந்துச்சா? இங்கதான் செம காமெடி.

2024-ல ஓரிகன் 13-0, நம்பர் ஒன். அவங்களுக்கு சலுகை, முதல் ரவுண்டு ஆட வேணாம், நேரா குவார்ட்டர் ஃபைனல். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல் ரவுண்டு மேட்ச் எல்லாம் அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் இருக்கற டீமோட சொந்த கிரவுண்டுல நடக்கும், குவார்ட்டர் ஃபைனல் எல்லாம் பொது இடத்துல. அதாவது எட்டாவது டீம் ஒஹையோ ஸ்டேட் லட்சம் பேர் உக்கார்ற சொந்த ஸ்டேடியத்துல டென்னசியை 42-17னு நொறுக்கிட்டு சூடா வருது, ஒண்ணாவது டீம் டிசம்பர் 7-க்கு அப்புறம் மேட்சே இல்லாம உக்காந்திருந்துட்டு ஜனவரி 1-ஆம் தேதி கலிஃபோர்னியாவுல போய் இறங்குது. மேட்ச் பாதிகூட முடியல, ஒஹையோ ஸ்டேட் 34-0! முடிஞ்சது 41-21.

இதுல கொடுமை, அக்டோபர்ல இதே ஒஹையோ ஸ்டேட்டை ஓரிகன் 32-31னு ஜெயிச்சிருந்தாங்க. அப்படி நேரா குவார்ட்டர் ஃபைனல் போன நாலு டீமும் அந்த வருஷம் தோத்துச்சு, நாலும்! எட்டாவது டீம் கப்பைத் தூக்கிட்டுப் போச்சு. 2025-ல இருந்து ரேங்க் போடற முறையை மாத்தினாங்க, அது தனி வீடியோ.

பேஸ்பால்லயும் இதே அழுகைதான், 2022-ல 111 மேட்ச் ஜெயிச்ச டாட்ஜர்ஸை 89 ஜெயிச்ச பாட்ரெஸ் வீட்டுக்கு அனுப்பிச்சு.

இப்ப நம்ம ஐபிஎல்லுக்கு வாங்க, இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச ஏரியா. 2011-ல இருந்து நம்மகிட்ட இருக்கற ஃபார்மட் உங்களுக்கே தெரியும், முதல் ரெண்டு இடத்துக்கு ரெண்டு சான்ஸ் (அவங்க மோதற குவாலிஃபையர் 1-ல தோத்தாலும் இன்னொரு மேட்ச் உண்டு), மூணு நாலுக்கு ஒண்ணு (எலிமினேட்டர்ல தோத்தா வீட்டுக்கு). இது லலித் மோடி மூளையும் இல்ல, பிசிசிஐ மூளையும் இல்ல, 1931-லயே மெல்போர்ன் பக்கம் ஃபுட்பால் லீக்ல ஆடின சிஸ்டம். நான் பாத்ததுலயே நியாயமான ஃபார்மட் இதுதான். ஏன்னா வருஷம் முழுக்க ஒழைச்சதுக்கு ஒரு விலை இருக்கு.

[ஸ்க்ரீன்ல டேபிள்: 2011 முதல் 2025 வரை]

15 சீசன் கணக்கு பாருங்க. டேபிள்ல முதல்ல வந்தவங்க 5 தடவை கப்பு. ரெண்டாவது வந்தவங்க 9 தடவை! எலிமினேட்டர் வழியா வந்து ஜெயிச்சது ஒரே ஒரு டீம், 2016 சன்ரைசர்ஸ். முதல் இடத்தை விட ரெண்டாவது இடத்துக்குத்தான் ராசி போல, ரெண்டுக்கும் சலுகை ஒண்ணுதானே.

"அப்ப இது பக்கா ஃபேரா ப்ரோ?"ன்னா, அதுவும் இல்ல. 2017 புனே டீமை ஞாபகம் இருக்கா? நம்ம டீம் சஸ்பென்ஷன்ல இருந்தப்ப தோனி ஆடின டீம். லீக்ல மும்பையை ரெண்டு தடவை அடிச்சாங்க, குவாலிஃபையர் 1-லயும் அடிச்சாங்க. மும்பை அந்த ரெண்டாவது சான்ஸ்ல திரும்பி வந்து ஃபைனல்ல ஒரே ஒரு ரன்ல ஜெயிச்சுட்டாங்க. மூணுக்கு ஒண்ணு, ஆனா கப்பு மும்பைக்கு. புனே டீம் அதுக்கப்புறம் இல்லவே இல்ல.

இன்னொண்ணு சொல்றேன், மஞ்சள் ஜெர்சி போட்டுக்கிட்டு பாக்கறவங்க கோவிச்சுக்காதீங்க. 2023-ல டேபிள் டாப் குஜராத், ரெண்டாவது சிஎஸ்கே. குவாலிஃபையர் 1 எங்க நடந்துச்சு? சேப்பாக்கத்துல! முதல் இடம் பிடிச்ச டீம் ரெண்டாவது டீமோட வீட்ல வந்து ஆடுது, அந்த ஸ்லோ பிட்ச்ல 15 ரன்ல தோக்குது. யாரும் சதி பண்ணல, டேபிள் முடியறதுக்கு முன்னாடியே வென்யூ அறிவிச்சாச்சு, டிக்கெட், ஹோட்டல், டிவி எல்லாம் அதுக்கேத்த மாதிரி. "ஃபைனல் அகமதாபாத்லதானே நடந்துச்சு, சமமாயிடுச்சே"ன்னு சொல்லுவீங்க. நடந்துச்சு, கடைசி ரெண்டு பால்ல 10 ரன், ஜடேஜா சிக்ஸ், ஃபோர், அதெல்லாம் பாத்து நானும்தான் கத்தினேன்.

ஆனாலும் என் கட்சி இதுதான்: டேபிள்ல முதல்ல வர்ற டீமுக்கு குவாலிஃபையர் 1 அவங்க சொந்த ஊர்ல. டிவிக்காரங்களுக்கு நாலு நாள் தூக்கம் போனா போகட்டும். வேணாம்னு சொல்றவங்க கமெண்ட்ல காரணத்தோட வாங்க, "மும்பை இந்தியன்ஸ் ஃபேனா நீ"ன்னு மட்டும் கேக்காதீங்க.