மூளைக்குள் தங்கும் ஒட்டுண்ணி அல்சைமரைக் கொண்டுவருமா?

[திரையில்: நரம்பணுவுக்குள் டாக்சோபிளாஸ்மா உறைகள்]

டாக்சோபிளாஸ்மா கோண்டி. ஒரே செல்லால் ஆன ஒட்டுண்ணி. உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது தொற்றியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். பூனை மலம் கலந்த மண், தண்ணீர், சரியாக வேகாத இறைச்சி வழியாக உடலுக்குள் வரும். பெரும்பாலோருக்குக் காய்ச்சல்கூட இருக்காது. ஆனால் வந்தது போய்விடுவதில்லை. மூளையிலும் தசையிலும் சின்னச் சின்ன உறைகளுக்குள் ஒடுங்கி, ஆயுள் முழுக்க இருந்துவிடும்.

அதை அடக்கிவைக்க நோய் எதிர்ப்புச் செல்கள் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். நீண்டகால அழற்சி நரம்பணுக்களுக்கு நல்லதில்லை. அதனால் அல்சைமரோடு தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகம் நியாயமானதுதான்.

[திரையில்: எலி மூளையின் குறுக்குவெட்டு]

அல்சைமர் மாற்றங்கள் வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்கு இந்த ஒட்டுண்ணியைச் செலுத்திப் பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவு ஆச்சரியமானது: அல்சைமர் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதத்தின் படிவுகள் கூடவில்லை, குறைந்திருந்தன! தொற்றை எதிர்க்க ரத்தத்திலிருந்து மூளைக்குள் வந்த மோனோசைட் செல்கள் அமிலாய்டையும் சேர்த்து விழுங்குகின்றன என்று 2016இல் இன்னொரு குழு காட்டியது. அப்புறம், ஒட்டுண்ணியின் எல்லா வகையும் இப்படிச் செய்வதில்லை என்பதும் தெரியவந்தது. ஆகவே 'தொற்று இருந்தால் மறதி நோய் வரும்' என்று ஒரே வரியில் சொல்பவர்களை நான் நம்பமாட்டேன்.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளும் ஒன்றுபோல் பேசவில்லை. வயது ஏற ஏற இந்தத் தொற்றைச் சந்தித்தவர்கள் கூடுவார்கள், அல்சைமரும் வயதோடுதான் கூடும். இரண்டும் ஒருவரிடம் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று ஆகாது.

[திரையில்: கிழக்கு ஆப்பிரிக்க வரைபடம்]

இதைவிட என்னை உலுக்குவது நாடிங் சின்ட்ரோம். உகாண்டா, தெற்கு சூடான், தான்சானியாவில் குழந்தைகளைத் தாக்கும் ஒருவகை வலிப்பு நோய். தலை தானாகக் குனிந்து குனிந்து எழும். கருப்பு ஈ பரப்பும் ஆங்கோசெர்கா புழு அதிகமுள்ள இடங்களில்தான் இது வருகிறது. இறந்த சில நோயாளிகளின் மூளையைப் பரிசோதித்தபோது அல்சைமரில் காணும் அதே டௌ புரதம் படிந்திருந்தது. புழு மூளைக்குள் போகாமலே இது எப்படி நடக்கிறது என்பது இன்னும் தீராத கேள்வி. ஆனாலும் வடக்கு உகாண்டாவில் இந்தப் புழுவுக்கு எதிரான ஐவர்மெக்டின் மாத்திரையைப் பரவலாகக் கொடுத்து, ஈக்களையும் கட்டுப்படுத்திய பிறகு புதிய நோயாளிகள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

சரி, டாக்சோபிளாஸ்மா பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால்? அல்சைமரை நினைத்துப் பயப்பட இப்போது ஆதாரம் இல்லை. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் மட்டும் உடனே மருத்துவரிடம் பேசுங்கள். கருவிலுள்ள குழந்தையின் மூளையையும் கண்ணையும் இது பாதிக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம்.