சர்க்கரை 9: நாடு மாறும் குடும்ப மருத்துவருக்குச் சில குறிப்புகள்

வணக்கம் நேயர்களே. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு பிரிட்டனில் குடும்ப மருத்துவராக நினைக்கும் இளம் மருத்துவர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் இன்றைய உரை.

வெளிநாட்டில் படித்தவர்கள் பிரிட்டனில் மருத்துவராகப் பதிவுபெற எழுதும் பிளாப் தேர்வுக்கு முன்னால் பெயரைக் கவனியுங்கள். பட்டத்தில் 'எஸ். முருகன்' என்று முன்னெழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டிலேயே சான்றிதழ் சரிபார்ப்பு இழுபட்டுப் போகலாம். அதை விளக்கும் சட்டப்பூர்வ ஆவணத்தை முதலிலேயே வாங்கிவையுங்கள். மருத்துவக் கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்றிதழை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். மூன்று மாதம்தான் அது செல்லும்.

பிளாப் முதல் தேர்வு 180 கேள்விகள், மூன்று மணி நேரம். அதைச் சென்னையிலோ கொழும்பிலோ எழுதலாம். இரண்டாவது மான்செஸ்டரில், நோயாளியாக நடிப்பவர் ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம். நன்றாகப் படித்தவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். நோயாளியிடம் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள். 'உங்களுக்கு எதை நினைத்துப் பயமாக இருக்கிறது?' என்று கேட்க மறந்துவிடுவார்கள். பதிவு கிடைத்தபின், இடம் கிடைத்தால், குடும்ப மருத்துவப் பயிற்சி மூன்று ஆண்டு.

வேலையில் சேர்ந்ததும் பழக்கத்தை மாற்றவேண்டியது அளவுகளில். நம் ஊரில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 (மி.கி./டெ.லி.) என்றால் நீரிழிவின் எல்லை. அங்கே அதே அளவு 7.0 (மி.மோல்/லி.). நம் சர்க்கரை எண்ணை 18-ஆல் வகுத்தால் அவர்கள் எண். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.5 சதவீதம் அங்கே 48 (மி.மோல்/மோல்) ஆகிறது, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் 1.0 (மி.கி./டெ.லி.) ஏறக்குறைய 88 (மைக்ரோமோல்/லி.). ஹீமோகுளோபின் 12 (கிராம்/டெ.லி.) என்பது 120 (கிராம்/லி.). பிள்ளையைப் பார்க்கப்போன அம்மா அங்கே வாங்கிய கருவியில் 9 பார்த்துவிட்டு, 'சர்க்கரை இறங்கிப்போச்சு' என்று பயந்து இனிப்பு சாப்பிடக்கூடும். உண்மையில் அது 162! எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதாத சீட்டு ஆபத்தான சீட்டு. எந்த நாட்டில் இருந்தாலும் இதில் சலுகை கூடாது.

ஒரு நோயாளிக்குப் பெரும்பாலும் பத்து நிமிடம். சளிக்காய்ச்சலுக்கு ஊசி கிடையாது, ஆன்டிபயாடிக்கும் வழக்கமில்லை. ஏன் தேவையில்லை என்று சொல்வதுதான் அங்கே சிகிச்சையின் பாதி. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், எப்போது திரும்பி வரவேண்டும் என்பதைத் தாயிடம் குறிப்பாகச் சொல்லுங்கள்: மூச்சு இழுத்தால், சிறுநீர் குறைந்தால், எழுப்பினாலும் சோர்ந்தே கிடந்தால், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத தடிப்பு வந்தால் தாமதிக்கவே கூடாது. சொன்னதை அப்படியே கணினிப் பதிவிலும் எழுதுங்கள். 'அறிவுரை தரப்பட்டது' என்ற ஒற்றை வரி, அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு எதையும் சொல்லாது.

ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. வெளிநாட்டில் படித்த மருத்துவர், மெடிகேர் என்ற அந்நாட்டு அரசு மருத்துவக் காப்பீட்டின் பணம் பெற, பொதுவாக 10 ஆண்டு மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் பணியாற்றவேண்டும். மிகத் தொலைவான ஊர் என்றால் காலம் குறையும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள்: மேற்பார்வை மருத்துவர் அதே கிளினிக்கில் இருப்பாரா? இரவு அழைப்பு வாரத்தில் எத்தனை நாள்? பிரசவம் பார்க்கும் மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர்? துணைவருக்கு அந்த ஊரில் வேலை உண்டா?