ஏரிக்கரைக் குப்பையில் ஒரு காளான்

வணக்கம் நேயர்களே. பெங்களூரில் அல்சூர், ஹெப்பாள், ஜக்கூர் என்று ஏதோ ஒரு ஏரிக்கரையில் காலைநடை போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஓரத்தில் ஆளுயரத்துக்குச் சம்புக் கோரை நிற்குமே, அதன் அடியில் காய்ந்து மக்கிக் கிடக்கும் தண்டுகளைக் குப்பை என்று தாண்டிப் போவோம். நான் பேச வந்தது அந்தக் குப்பையைப் பற்றித்தான்.

குளோயோசெபாலா என்று ஒரு காளான் பேரினம். டப்பாவில் விற்கும் பட்டன் காளானை நினைத்துவிடாதீர்கள். இதன் குடை பெரும்பாலும் மிளகளவுதான். திருப்பிப் பார்த்தால், மற்றக் காளான்களில் வரிவரியாக இருக்கும் செவுள் பலவற்றில் கிடையாது. வழவழவென்று இருக்கும், மிஞ்சினால் நரம்பு போல இரண்டொரு கோடு. சூப்பில் நூல் நூலாக மிதக்கிறதே எனோக்கிக் காளான், அதுவும் இதுவும் ஒரே குடும்பம்!

1995இல் அர்ஜென்டினாவிலிருந்து இதில் ஓர் இனத்தை விவரித்தார்கள். குளிர்ந்த தண்ணீரில் மூழ்கிய கோரைத் தண்டிலேயே முளைப்பது. யோசித்துப் பாருங்கள், காளான் குடை பிடிப்பதே வித்துகளைக் காற்றில் உதிர்க்கத்தான். தண்ணீருக்குள் குடை எதற்கு? இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து ரோக் ஆற்றிலும் இதே கதை. அது வேறு பேரினம், சாதிரெல்லா. 2005இல் கண்ணில் பட்டது, 2010இல் பெயர் வைத்தார்கள். ஓடுகிற ஆற்றுக்கடியில் செவுளோடு நிற்கிறது. குடைக்கடியில் காற்றுக்குமிழ்கள் வேறு சிக்கியிருந்தன. தண்ணீருக்குள், நேயர்களே, தண்ணீருக்குள்!

நம் ஊருக்கு வருவோம். மழை ஓய்ந்த வாரத்தில், காய்ந்த சம்பின் இலையுறை தண்டைவிட்டுப் பிரியும் இடத்தை விலக்கிப் பாருங்கள். சிலசமயம் வெள்ளைப் புள்ளிகளாகக் குடைகள் நிற்கும். அது குளோயோசெபாலாவா, மைசீனா என்கிற இன்னொரு குட்டிக் காளானா என்று நுண்ணோக்கி வைக்காமல் சொல்லக்கூடாது, நானும் சொல்வதில்லை. எதுவானாலும், அந்த நார்த்தண்டைத் தின்று மக்கவைக்கும் வேலையில் அதற்கும் பங்குண்டு.

ஏரியைச் சுத்தம் செய்ய ஜேசிபி வருகிறது, கரையோடு வழித்துவிடுகிறது. சம்பை அறுப்பது தப்பில்லை. அது உறிஞ்சிய சாக்கடைச் சத்து, அங்கேயே அழுகினால் மறுபடி தண்ணீருக்கே போகும். ஆனால் ஒரு மூலையை விட்டுவைத்தால் என்ன? ஒரே ஒரு மூலை.

வித்து பரவும் விதத்தையும் எழுதி வைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். குடையை ரசிக்க, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். சேறு வழுக்கும், பார்த்து இறங்குங்கள். எதையும் வாயில் மட்டும் போட்டுவிடாதீர்கள். வணக்கம்.