நூலகத்தில் கிடைக்காத பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். ஆனி எர்னோ என்ற பிரெஞ்சு எழுத்தாளருக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது பலருக்கும் நினைவிருக்கும். அவருடைய எல்லாப் புத்தகங்களுக்குள்ளும் இன்று போகப்போவதில்லை. 2000-இல் வந்த 'நிகழ்வு' ஒன்று போதும். ஒரே உட்காரலில் படித்துவிடலாம். ஆனால் படித்த பிறகு எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

1963 அக்டோபர். ரூவான் நகரில் இலக்கியம் படிக்கும் 23 வயது மாணவி அவர். நாள் தள்ளிப்போகிறது. அன்றைய பிரான்சில் கருக்கலைப்பு குற்றம். செய்துகொண்டவருக்கும் தண்டனை, செய்துவைத்தவருக்கும் தண்டனை. ஒரு மருத்துவர் ஊசி எழுதித் தருகிறார். மாதவிலக்கு வந்துவிடும் என்று நம்பிப் போட்டுக்கொள்கிறார். அது கரு கலையாமல் காக்கும் மருந்து என்று பிறகுதான் தெரிகிறது.

படித்த பெண் அல்லவா, நூலகத்துக்குப் போகிறார். அட்டைப் பட்டியலில் கருக்கலைப்பு என்ற சொல்லைத் தேடினால் மருத்துவ இதழ்கள் மட்டும் வருகின்றன. சரி, நாவல்கள்? கருவைக் கலைத்த பெண்கள் நாவல்களில் உண்டு. ஆனால் கரு இருந்தது, அப்புறம் இல்லை என்பதோடு முடிந்துவிடும். நடுவில் என்ன நடந்தது, எங்கே, யார் கையால், எவ்வளவு வலித்தது என்று ஒரு வரி கிடையாது. அந்த விடுபட்ட பக்கத்தைத்தான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவரே எழுதினார். 1974-இல் வந்த முதல் நாவலில் இதே அனுபவம் வேறொரு பெண்ணின் பெயரில் வந்திருந்தது. இந்த முறை 'நான்' என்றே எழுதினார். பின்னல் ஊசியைத் தானே செலுத்திப் பார்த்து, வலி தாங்காமல் நிறுத்தியது, பாரிஸில் ஒரு சந்துக்குள் இருந்த வீட்டில் கருவைக் கலைக்க 400 பிராங்க் கொடுத்தது எல்லாம் அதில் இருக்கின்றன.

என்னை மிகவும் வதைத்த இடம் மருத்துவமனைதான். கரு கலைந்த பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் எர்னோவைக் கொண்டுவருகிறார்கள். "நான் பிளம்பர் இல்லை!" என்று கத்துகிறார் அங்கிருந்த இளம் மருத்துவர். எர்னோ பல்கலைக்கழக மாணவி என்று பிறகு தெரிந்ததும் மருத்துவருக்குச் சங்கடமாகிவிடுகிறது. நீங்களும் மருத்துவரைப் போன்றவர்தான் என்று முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்கிறார் செவிலியர். யோசித்துப் பாருங்கள். ஆலையில் வேலை பார்க்கும் பெண் என்றால் கத்தலாம், தப்பில்லை!

எர்னோவின் பெற்றோர் சின்ன ஊர் ஒன்றில் மளிகைக்கடையும் காபிக்கடையும் சேர்த்து நடத்தியவர்கள். பட்டப்படிப்பு வரை ஏறி வந்த மகளைக் கர்ப்பம் மறுபடி கீழே இழுக்கிறது; கல்யாணமாகாமல் வயிற்றில் பிள்ளை என்றால் அது ஏழைவீட்டுப் பெண்ணின் தலையெழுத்து என்றே ஊர் நினைத்தது. பெண் உடல் பற்றிய எழுத்து என்று நாம் தனியாக ஒரு அலமாரியில் வைக்கிறோமே, அதில் வர்க்கமும் இருக்கிறது என்று எனக்குக் காட்டியது அந்த மருத்துவமனைக் காட்சி.

1975-இல் சட்டம் மாறியது. 2024 மார்ச்சில் கருக்கலைப்பு உரிமை பிரெஞ்சு அரசியல் சாசனத்திலேயே ஏறியது. தடைச் சட்டம்தான் போய்விட்டதே, இனி எதற்கு இந்தப் பேச்சு என்பதை எர்னோ ஏற்கவில்லை. அந்த நாட்களின் நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினார். புத்தகத்தின் முடிவில், வயதான பிறகு, பாரிஸில் அந்தச் சந்து இருக்கும் இடத்தைத் தேடி மெட்ரோ ஏறித் தனியாகப் போகிறார்.