இருட்டில் எடுத்த நகல்

நேயர்களுக்கு வணக்கம். திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களைச் சேர்த்து ஒரே ஏரியாவாக எண்ணிப் படங்களை வாங்கி வெளியிடும் விநியோக அலுவலகம் ஒன்றில் நான் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன். பெரும் பொருட்செலவில் எடுக்கப்படும் தமிழ் அறிவியல் புனைகதைப் படங்களை இணையத் திருட்டு எந்த இடத்தில் அடிக்கிறது என்பதை, நடிகர்களின் பேட்டிகளைக் கொண்டல்லாமல், வசூல் தாள்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு சொல்ல முயல்கிறேன்.

2018 நவம்பர் 29 அன்று ‘2.0’ வெளியானது. ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவானதாகச் சொல்லப்பட்ட படம் அது. அதற்கு முதல் நாளே சென்னை உயர் நீதிமன்றம், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கும்படி 37 இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அவற்றில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை ஒரே திருட்டுக் கும்பலின் பெயரில் இருந்த முகவரிகள். இருந்தும் படம் வெளியான அன்றே இணையத்துக்கு வந்துவிட்டது. பெயர் அப்படியே இருக்க, முகவரியின் வாலை (.com, .in போன்ற கடைசிப் பகுதியை) மட்டும் மாற்றிப் புதிய கடை திறப்பவர்களை, பழைய கடைகளின் பட்டியலைக் கொண்டு பிடிப்பது எப்படி? இதற்கு நேர்மாறான பிழையையும் நாம் பார்த்திருக்கிறோம். 2012இல் ‘3’ படத்துக்காகப் பெற்ற தடையுத்தரவைக் காட்டி, சேவை நிறுவனங்கள் சில தளங்களை முழுமையாகவே மூடிவிட, குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் முடக்கினால் போதும் என்று நீதிமன்றமே பின்னர் விளக்க வேண்டியிருந்தது.

இன்று படப்பெட்டி வருவதில்லை. மறையாக்கம் செய்யப்பட்ட கோப்பு வருகிறது. அதைத் திறக்கும் சாவி தனியே வருகிறது. அந்தச் சாவி இன்ன அரங்கின் இன்ன கருவியில், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரைதான் செல்லும். ஆகவே பெரும்பாலான திருடர்கள் பூட்டை உடைப்பதில்லை. திரையில் விழும் வெளிச்சத்தைப் படம் பிடிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் அந்த வெளிச்சத்திலேயே கலந்திருப்பதால், எந்த அரங்கில், எந்தக் காட்சியில் பதிவானது என்பதைப் பிறகு கண்டுபிடித்துவிடலாம். 2016இல் வெளியான காலப்பயணப் படமான ‘24’, பெங்களூரில் ஒரு மல்டிபிளெக்ஸில் பதிவு செய்யப்பட்டது என்று தயாரிப்புத் தரப்பு புகார் கூறியது இப்படித்தான். ஆனால் அந்த அடையாளத்தைப் படிக்க வேண்டுமானால் நகல் முதலில் வெளியே வந்தாக வேண்டும். ஓடிப்போன கன்றின் காதில் இருக்கும் அடையாள அட்டையைப் போன்ற பயன்தான் அது.

இந்த நகல் படத்திலிருந்து எதை எடுத்துவிடுகிறது என்பதே என் பேச்சின் மையம். 2018 டிசம்பர் நடுவில் நெல்லையிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஓர் இளைஞர், மூலையில் விரிசல் விட்ட கைபேசியில் ‘2.0’ பார்த்துக்கொண்டிருந்தார். படம் சற்றே சாய்ந்திருந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலாக இருந்தது. யாரோ எழுந்து போன நிழல் திரையின் குறுக்கே கடந்தது. ஒரு குழந்தை அழுதது. ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒன்றுகூடி ராட்சதப் பறவையாக எழும் காட்சி வந்தபோது, அங்கே இருந்தது ஒரு கரிய மொத்தை மட்டுமே. இளைஞர் என் பக்கம் திரும்பி, “கிராபிக்ஸ் ஒண்ணும் சொல்லுத மாதிரி இல்லையே அண்ணாச்சி” என்றார். மக்களின் கையிலிருந்து கைபேசிகள் பறந்து போகும் கதையை அவர் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குச் சிரிப்பையும் வரவழைத்தது.

முப்பரிமாணக் கேமராக்களால் எடுக்கப்பட்ட படம் அது. இருக்கைக்கு அடியிலிருந்தும் ஒலி எழும்படி அதற்கென்றே ஓர் ஒலியமைப்பை உருவாக்கியிருந்தார்கள். கண்ணாடி அணியாத கேமராவுக்கு முப்பரிமாணக் காட்சி இரட்டை உருவமாகத் தெரியும் என்பதால், நகல் எடுப்பவன் சாதாரணக் காட்சிக்குப் போகிறான். செலவின் பெரும்பகுதி அங்கேயே கழன்றுவிடுகிறது. ஒரு குடும்பக் கதையையோ நகைச்சுவைப் படத்தையோ மங்கலான நகலில் பார்த்தாலும் வசனம் காதில் விழும், சிரிப்பும் வரும். அறிவியல் புனைகதைப் படத்தில் நகல் எதைத் தொலைக்கிறதோ அதைத்தான் தயாரிப்பாளர் காசு கொட்டி வாங்கியிருக்கிறார். பார்த்தவரோ நகலைக் குறை சொல்வதில்லை. படத்தைக் குறை சொல்கிறார், மறுநாள் டீக்கடையிலும் அதையே சொல்கிறார்.

வசூல் தாளில் இது எங்கே தெரிகிறது? முதல் மூன்று நாட்களில் தெரியாது. ரசிகர்கள் நகலுக்காகக் காத்திருப்பவர்கள் அல்லர். தென்காசியிலும் சங்கரன்கோவிலிலும் குடும்பத்தோடு வருகிறவர்கள் இரண்டாம் வாரத்தில்தான் வருவார்கள். மினிமம் கேரண்டி, அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்ப வராத தொகையை முன்கூட்டியே கொடுத்து ஏரியாவை வாங்கியவருக்கு அசல் தேறுவதும் தேறாததும் அந்த வாரத்தின் கையில் இருக்கிறது. அப்போது விழும் துண்டில் திருட்டு நகலின் பங்கு இவ்வளவு, படம் பிடிக்காமல் போனதன் பங்கு இவ்வளவு என்று கோடு போட எந்தக் கணக்குப்பிள்ளையாலும் முடியாது. தரவிறக்கங்களின் எண்ணிக்கையை டிக்கெட் விலையால் பெருக்கி, அத்தனையும் நட்டம் என்று சொல்லும் கணக்கை நான் ஏற்பதில்லை. நால்வர் கொண்ட குடும்பம் டிக்கெட், வண்டிச் செலவு, இடைவேளைப் பாப்கார்ன் என்று போட்டுப் பார்த்தால் ஒரு நாள் கூலி போதாத வீடுகள் எங்கள் ஏரியாவில் ஏராளம்.

ஆனால் படம் எடுக்க வாங்கிய கடனின் வட்டி யாருக்காகவும் நிற்பதில்லை. ‘அயலான்’ தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து 2024 பொங்கலுக்குத்தான் திரைக்கு வந்தது. அந்தத் தாமதத்துக்குத் திருட்டு காரணமன்று. ஆனால் வரைகலைக்காக ஆண்டுக்கணக்கில் முடங்கும் பணத்தைத் திரையரங்கில் மீட்கக் கிடைப்பவை சில வாரங்களே. நான்கு வாரத்தில் ஓடிடிக்குப் போகும் படத்தின் பளிச்சென்ற நகலும் அதே நாளில் டெலிகிராமில் வந்துவிடுகிறது.

சட்டத்துக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004ஆம் ஆண்டிலேயே வீடியோ திருடர்களைச் சேர்த்துவிட்டார்கள். 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது மூன்று லட்சம் ரூபாயிலிருந்து தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை அபராதமும் விதிக்கிறது. ஐந்நூறு கோடிப் படமென்றால் அந்த ஐந்து விழுக்காடு இருபத்தைந்து கோடி. 2024 ஜூலையில் திருவனந்தபுரத்தில் ஓர் அரங்கினுள் ‘ராயன்’ படத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது பிடிபட்டதைப் போன்ற ஆட்களால் அப்படியொரு தொகையைக் கட்ட முடியுமா? பேருந்தில் பார்த்த அந்த நகலின் மேல்மூலையில் சூதாட்டத் தளம் ஒன்றின் பெயர் படம் நெடுக மின்னிக்கொண்டே இருந்தது. அந்த விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவனைத் தேடிப் போகாமல், கைபேசியைத் தூக்கிப் பிடித்தவனோடு விசாரணை முடிந்துவிடுவதுதான் எனக்கு விளங்கவில்லை.

விழுப்புரம் தாண்டியபோது அந்த இளைஞர் படத்தை நிறுத்திவிட்டார். அதே பறவை முப்பரிமாணத்தில் எப்படி நம் முகத்தை நோக்கிப் பாயும் என்பதை நான் கையால் காட்டி விளக்கினேன். ஊருக்குத் திரும்பியதும் போய்ப் பார்ப்பதாகச் சொல்லி, நெல்லையில் எந்தத் தியேட்டரில் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டார். அவர் திரும்பிய வாரம் வெள்ளிக்கிழமை அந்தத் தியேட்டரில் வேறு படம் மாற்றியிருந்தார்கள்.