கன்ட்ரோலர் இறங்கு என்கிறார், கருவி ஏறு என்கிறது: பைலட் யார் பேச்சைக் கேட்பது?

வணக்கம். 2001 ஜனவரி 31, பிற்பகல் 3 மணி 54 நிமிடம். ஜப்பானின் யாய்ஸு நகரத்தை ஒட்டிய கடலுக்கு மேலே இரண்டு விமானங்கள், இரண்டுமே ஜப்பான் ஏர்லைன்ஸ். ஒன்று ஹனேடாவிலிருந்து ஒகினாவாவின் நஹாவுக்குக் கிளம்பி இன்னும் உயரம் ஏறிக்கொண்டிருக்கும் போயிங் 747. அதன் எண் 907. இன்னொன்று தென் கொரியாவின் பூசானிலிருந்து நரிட்டாவுக்கு 37,000 அடியில் வரும் டிசி-10. அதன் எண் 958. இரண்டிலும் சேர்த்து 677 பேர்.

[திரையில்: இரண்டு பாதைகளும் குறுக்கிடும் வரைபடம்]

ரேடார் பார்வையில் இந்த உயரத்தில் பறக்கும் விமானங்களுக்குப் பக்கவாட்டில் பொதுவாக 5 நாட்டிகல் மைல் இடைவெளி வேண்டும். கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர். அது இல்லையா, அப்போது உயரத்திலாவது வித்தியாசம் வேண்டும். இன்றைக்குப் பெரும்பாலான வான்வெளியில் அது 1,000 அடி. இரண்டில் ஒன்று இருந்தால் போதும். இரண்டுமே இல்லாமல் போனால் அதுதான் 'லாஸ் ஆஃப் செபரேஷன்'. 4 மைல் தள்ளிப் போனாலும் கணக்கில் அது பிழைதான், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. யாய்ஸுவில் நடந்தது அந்த ரகம் இல்லை.

தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் டோக்கியோ கட்டுப்பாட்டு மையத்தில் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பயிற்சிக் கன்ட்ரோலர். பக்கத்திலேயே அவருடைய மேற்பார்வையாளர். திரையில் எச்சரிக்கை வந்ததும் பயிற்சியில் இருந்தவர் எடுத்த முடிவு சரியானது: 958-ஐக் கீழே இறக்க வேண்டும். ஆனால் வாயில் வந்த எண் 907.

இந்த மாதிரித் தவறைப் பிடிக்க ஒரு வலை இருக்கிறது. கன்ட்ரோலர் சொன்னதை பைலட் தன் விமானத்தின் எண்ணோடு திருப்பிச் சொல்ல வேண்டும். 907 அப்படியே சொன்னது: 907, இறங்குகிறோம். அதைக் கேட்ட பிறகும் மையத்தில் இருந்த இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. 958 இறங்குவதாகவே நினைத்துக்கொண்டார்கள். எதை எதிர்பார்க்கிறோமோ அதுதான் காதில் விழும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

[திரையில்: இரண்டு விமானங்களின் டீகாஸ் திரைகள்]

இப்போது டீகாஸ். இது விமானத்துக்குள்ளேயே இருக்கும் மோதல் தவிர்ப்புக் கருவி. தரையில் இருப்பவர்களை அது நம்பி இருப்பதில்லை. பக்கத்து விமானத்தின் டிரான்ஸ்பாண்டரோடு, அதாவது அதன் உயரத்தைச் சொல்லும் ரேடியோ கருவியோடு, நேரடியாகப் பேசி, இன்னும் எத்தனை விநாடியில் நெருங்குவோம் என்று கணக்குப் போடும். ஆபத்து என்றால் இரண்டு கருவிகளும் தங்களுக்குள் ஒத்துப்போய், ஒன்று 'ஏறு' என்றும் மற்றது 'இறங்கு' என்றும் சொல்லும். இடது வலது எல்லாம் சொல்லாது. முக்கியமான விஷயம், அது என்ன சொன்னது என்று அன்றைக்குக் கன்ட்ரோலருக்குத் தெரியாது. பைலட் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

907-க்கு டீகாஸ் 'ஏறு' என்றது. 958-க்கு 'இறங்கு' என்றது. 958 கருவி சொன்னபடி இறங்கியது. 907-இன் கேப்டன் ஏற்கெனவே கன்ட்ரோலர் பேச்சைக் கேட்டு, என்ஜின் வேகத்தைக் குறைத்து இறங்க ஆரம்பித்திருந்தார். அந்த உயரத்தில் திடீரென்று ஏற முயன்றால் விமானம் தாங்காது என்று நினைத்தார். அதனால் இறங்குவதையே தொடர்ந்தார். குறுகிய சந்தில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்குவது போல, இரண்டு விமானங்களும் சேர்ந்தே இறங்கின.

மேற்பார்வையாளர் பதறிப்போய் மைக்கைப் பிடித்து '957' என்ற எண்ணுக்குக் கட்டளை கொடுத்தார். அப்படி ஒரு விமானமே அங்கே இல்லை.

கடைசியில் காப்பாற்றியது கண். எதிரே வருவதைப் பார்த்த 907-இன் கேப்டன் மூக்கை வேகமாகக் கீழே தள்ளினார். சுமார் 135 மீட்டர் இடைவெளியில் இரண்டும் கடந்தன. 907-க்குள் பானத் தள்ளுவண்டி கூரையில் போய் மோதியது. 100 பேருக்குக் காயம், அதில் 9 பேருக்குப் பலத்த காயம். உயிர்ச்சேதம் இல்லை.

சரி, தவறு யாருடையது? ஜப்பான் நீதிமன்றங்களில் இது முடிவுக்கு வந்தது சம்பவம் நடந்து ஒன்பது வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு. 2006-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் இரண்டு கன்ட்ரோலர்களையும் விடுவித்தது. 2008-இல் உயர் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டதால் சிறைக்குப் போகவில்லை. எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. எண்ணை மாற்றிச் சொன்னது மனிதப் பிழை. கருவியும் கன்ட்ரோலரும் முரண்பட்டால் யாரைக் கேட்பது என்று சந்தேகமில்லாமல் விதி எழுதாதது அதைவிடப் பெரிய பிழை. அதற்கு யாரும் கூண்டில் ஏறவில்லை.

விலை வேறு இடத்தில் கொடுக்கப்பட்டது. 2002 ஜூலை 1 இரவு, தெற்கு ஜெர்மனியின் யூபர்லிங்கன். ரஷ்யாவின் டியு-154 பயணிகள் விமானமும் டிஹெச்எல் சரக்கு விமானமும் 36,000 அடியில். சூரிச் மையத்தில் ஒரே ஒரு கன்ட்ரோலர் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். டீகாஸ் ஏறச் சொன்னது. அவர்கள் இறங்கினார்கள். சரக்கு விமானமும் தன் டீகாஸ் சொன்னபடி இறங்கியது. 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். யாய்ஸு பற்றிய ஜப்பானின் இறுதி அறிக்கை வெளியானதும் அதே ஜூலையில்தான்.

[திரையில்: இன்றைய விதி]

அதன் பிறகுதான், 2003 நவம்பரில், சர்வதேச விதி தெளிவானது. டீகாஸ் ஏறு, இறங்கு என்று சொல்லிவிட்டால் பைலட் அதைத்தான் செய்ய வேண்டும், கன்ட்ரோலர் எதிர்மாறாகச் சொன்னாலும் சரி. உடனே ரேடியோவில் 'டீகாஸ் ஆர்ஏ', அதாவது டீகாஸ் கட்டளைப்படி போகிறோம், என்று அறிவிக்க வேண்டும். அதைக் கேட்டதும் அந்த விமானத்தின் பாதையை மாற்றச் சொல்வதைக் கன்ட்ரோலர் நிறுத்திவிட வேண்டும். ஆபத்து தீர்ந்தது என்று பைலட் சொன்ன பிறகுதான் மறுபடி கன்ட்ரோலர் பொறுப்பு. கருவியும் மாறியது. 7.1 என்ற பதிப்பில், ஒரு விமானம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று தெரிந்தால் டீகாஸ் நடுவிலேயே திசையைத் திருப்பி, மற்ற விமானத்துக்கு வேறு கட்டளை கொடுக்கும்.