காசில்மெயினில் இறக்கப்பட்டவர்

(மெல்பர்னில் தமிழர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

கூட்டம் தொடங்கும்போது, இது வுருண்ட்ஜெரி என்ற பழங்குடி மக்களின் மண் என்று சொல்லி அவர்களுடைய மூத்தோருக்கு மரியாதை செலுத்தினோம். நம் எல்லா நிகழ்ச்சியிலும் சொல்கிறோம். சொன்ன கையோடு குத்துவிளக்கு ஏற்றப் போய்விடுகிறோம். இன்று அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் நிற்க வந்திருக்கிறேன்.

நான் சில வருடம் பெண்டிகோவில் நைட் ஷிப்ட் பார்த்தேன். காலை ரயிலில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். டிக்கெட் பார்க்க வருகிறவர் தோளைத் தொட்டு எழுப்புவார். மைக்கி கார்டைக் காட்டிவிட்டு மறுபடி தூங்குவேன். ஒரு நாளும் யாரும் எனக்காகப் போலீஸைக் கூப்பிட்டதில்லை.

2017 டிசம்பர் 5. அதே தடத்தில், எச்சூகாவிலிருந்து மெல்பர்ன் வரும் ரயிலில் டான்யா டே தூங்கிக்கொண்டிருந்தார். யோர்ட்டா யோர்ட்டா என்ற பழங்குடி இனத்துப் பெண், வயது 55. குடித்திருந்தார். பரிசோதகர் சொல்லி, போலீஸ் வந்தது. வழியில் உள்ள காசில்மெயின் ஸ்டேஷனில் இறக்கினார்கள். பொது இடத்தில் போதையில் இருந்தார் என்பது குற்றச்சாட்டு. போதை தெளியட்டும் என்று லாக்கப்பில் வைத்தார்கள். உள்ளே எழுந்து நடக்கப் பார்த்து, திரும்பத் திரும்ப விழுந்தார். ஒருமுறை நெற்றி சுவரில் மோதியது. கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கும் மேலான பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். 17 நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அவருடைய மாமா ஹாரிசன் டே, 1982இல் எச்சூகாவில் போலீஸ் காவலில் இறந்தவர். காவலில் நிகழ்ந்த பழங்குடியினர் சாவுகளை விசாரிக்க 1987இல் அமைத்த ராயல் கமிஷன் 99 சாவுகளை எடுத்துக்கொண்டது. அதில் அவருடையதும் ஒன்று. 1991இல் வந்த அறிக்கையில் 339 பரிந்துரைகள். பொது இடத்தில் போதையில் இருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுங்கள் என்பது அவற்றில் ஒன்று. நம் மாநிலமான விக்டோரியா எடுக்கவில்லை. மாமாவின் சாவை விசாரித்துச் சொன்ன பரிந்துரை 26 வருடம் காகிதத்தில் கிடந்தது. மருமகள் அதே குற்றச்சாட்டில் உள்ளே போனார். டான்யாவின் பிள்ளைகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு சட்டம் மாறியது. நடைமுறைக்கு வந்தது 2023 நவம்பர் 7.

இதை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தக் கமிஷன் சொன்ன முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சிறைக்குள் போனபின் சாகும் விகிதத்தில் பழங்குடியினருக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. உள்ளே போகிறவர்களின் விகிதத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அன்று நூறு கைதிகளில் 14 பேர் பழங்குடியினர். இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மொத்த மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை.

“குற்றம் செய்தால் ஜெயில்தானே?” என்று இந்த அரங்கிலேயே சிலர் நினைக்கலாம். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள். ரேகைச் சட்டம் என்றால் என்னவென்று அவர்கள் சொல்வார்கள். பிறந்த சாதிக்காகவே ஆண்களைக் கைரேகை வைக்கச் சொன்ன சட்டம். மாட்டோம் என்ற பெருங்காமநல்லூரில் 1920இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அங்கே சட்டம் சாதியின் பெயரை எழுதியே பிடித்தது. இங்கே சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இருந்தும் யார் மாட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 2014இல் 22 வயதுப் பழங்குடிப் பெண் ஒருவர். மிஸ் டூ என்றே சொல்லுங்கள் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். கட்டாத அபராதம் 3,622 டாலர். அதற்காக சவுத் ஹெட்லண்ட் லாக்கப்பில் வைத்தார்கள். உடைந்த விலா எலும்பில் தொற்று ஏறி, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லியே இறந்தார். நடிக்கிறார் என்று போலீஸ்காரர்கள் நினைத்திருக்கிறார்கள். அபராதம் கட்டாதவரை அப்படிச் சிறையில் போடுவதை ஏறக்குறைய ஒழித்த சட்டம் அங்கே 2020இல் வந்தது.

ஜாமீன் கதை இதைவிடச் சிக்கலானது. 2017இல் நம் ஊர் பர்க் தெருவில், ஜாமீனில் வெளியே இருந்த ஒருவன் கூட்டத்துக்குள் காரை ஏற்றி ஆறு பேரைக் கொன்றான். நாம் எல்லாரும் பதறினோம். அரசு ஜாமீன் சட்டத்தை இறுக்கியது. ஜாமீன் ஏன் தரக்கூடாது என்று போலீஸ் சொன்னது போய், பல வழக்குகளில் ஏன் தர வேண்டும் என்று பிடிபட்டவரே காட்ட வேண்டியதாயிற்று. சுறாவுக்கு விரித்த வலையில் நெத்திலி சிக்கியது. கடையில் பொருள் எடுத்ததாகப் பிடிபட்ட வெரோனிகா நெல்சன் என்ற பழங்குடிப் பெண்ணுக்கு, 2019 கடைசி நாள், வக்கீல் கூட இல்லாமல் நின்ற கோர்ட்டில் ஜாமீன் மறுக்கப்பட்டது. ஜனவரி 2இல் சிறை அறையில் இறந்துகிடந்தார். இரவெல்லாம் இன்டர்காமில் உதவி கேட்டிருக்கிறார். அந்தச் சட்டம் முழுப் பேரழிவு என்று விசாரணை நடத்திய கொரோனர் எழுதினார். 2024இல் தளர்த்தினார்கள். அடுத்த வருடமே, தேர்தல் கண்ணுக்குத் தெரிந்ததும், திரும்ப இறுக்கிவிட்டார்கள்.

நியூ சவுத் வேல்ஸில் பர்க் என்ற சிற்றூர் இருக்கிறது. தெருவின் பேர்தான், ஆனால் இது வேறு இடம். அங்கே இளைஞர்கள் அடிக்கடி பிடிபட்டது லைசென்ஸ் இல்லாமல் கார் ஓட்டியதற்கு. லைசென்ஸ் எடுக்க, லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்து 120 மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும். வீட்டில் யாரிடமும் லைசென்ஸ் இல்லை. காரும் இல்லை. பலருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. பஸ்ஸை நம்ப முடியாத ஊரில் வேலைக்கு எப்படிப் போவது? ஓட்டினான், அபராதம், திரும்ப ஓட்டினான், கோர்ட். மரங்குக்கா என்று பேர் வைத்து ஊர்ப் பெரியவர்களே ஒரு திட்டத்தை எடுத்து நடத்தினார்கள். காரும் சொல்லித்தர ஆளும் ஏற்பாடாயின. போலீஸும் பெரியவர்களும் காலையில் ஒன்றாக உட்கார்ந்து, முந்தின இரவு எந்த வீட்டில் பிரச்சினை என்று பேசினார்கள். வயதுவந்தோர் காவலில் கழித்த நாட்கள் 42 சதவீதம் குறைந்ததாக 2018இல் கேபிஎம்ஜி என்ற தணிக்கை நிறுவனம் கணக்குப் பார்த்துச் சொன்னது.

விக்டோரியாவில் இப்போது பாக்கி நிற்பது குழந்தைகள் விஷயம். குற்றப் பொறுப்பு வயது பத்தாக இருந்ததைப் பன்னிரண்டாக்கினார்கள். 2027க்குள் பதினாலாக்குவோம் என்று தந்த வாக்கை 2024இல் கைவிட்டார்கள். பன்னிரண்டு வயது என்றால் நம் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை.

நம்மில் பெரும்பாலோர் குடியுரிமை வாங்கியவர்கள். ஓட்டுப் போடாவிட்டால் நமக்கும் அபராதம் வருகிறது, கட்டிவிட்டுப் போகிறோம். தேர்தல் வரும்போது வேட்பாளர்கள் இந்த மண்டபத்துக்கு வருவார்கள், பொன்னாடை போர்த்துவோம். அப்போது இந்த இரண்டையும் கேளுங்கள்: ஜாமீன் சட்டத்தை என்ன செய்யப் போகிறீர்கள், பதினாலு வயது என்ன ஆயிற்று. இன்னொன்று, லைசென்ஸ் இல்லாத பிள்ளைகளோடு உட்கார்ந்து ஓட்டச் சொல்லித்தர, எல்-டு-பி திட்டத்தில் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். உங்கள் கவுன்சிலில் கேட்டால் சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

நன்றி. வணக்கம்.